கொரிய பாடுக் லீக்: ஒரு பருவம் எப்படி நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சதுரங்கம் ஆடுகிற, பார்க்கிற நண்பர்களிடம் கொரியாவின் பாடுக் (கோ) அணி லீக் பற்றிப் பேச ஆரம்பித்தால் கேள்விகள் வரிசையாக வரும். தனியாள் ஆட்டத்தில் அணி எதற்கு? ஏன் ஒரு அணிக்கு உப்பின் பெயர்? உலகின் முதல் நிலை வீரர் இருக்கும் அணி ஏன் தோற்கிறது? அந்தக் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

பாடுக் என்பது கோ ஆட்டம்தானா?

ஆமாம். ஜப்பானில் 'இகோ', சீனாவில் 'வெய்ச்சி', கொரியாவில் 'பாடுக்'. ஆட்டம் ஒன்றுதான். குறுக்கும் நெடுக்கும் 19 கோடுகள், 361 சந்திப்புகள். கறுப்பு முதலில் வைக்கும், வெள்ளை அடுத்து வைக்கும். வைத்த காய் நகராது. நான்கு பக்கமும் மூச்சு அடைபட்டால் மட்டும் பலகையை விட்டு எடுக்கப்படும். கடைசியில் யார் அதிக இடத்தை வளைத்திருக்கிறாரோ அவருக்கு வெற்றி. முதலில் ஆடும் கறுப்புக்கு இருக்கும் சாதகத்தை ஈடுகட்ட, கொரியாவில் வெள்ளைக்கு 6.5 புள்ளி சேர்த்துக் கொடுப்பார்கள். அந்த அரைப் புள்ளி இருப்பதால் சமநிலை என்பதே கிட்டத்தட்ட இல்லை. 'டிரா ஆகிவிடுமே' என்று சதுரங்க அணிப் போட்டி பார்ப்பவர்கள் படுகிற கவலை இங்கே கிடையாது. ஒவ்வொரு பலகையிலும் ஒருவர் வென்றே ஆக வேண்டும்.

லீக்கை நடத்துவது யார்? எப்போது தொடங்கியது?

நடத்துவது ஹன்குக் கிவோன், அதாவது கொரிய பாடுக் சங்கம். அலுவலகம் சியோலின் சோங்டோங் பகுதியில் இருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் லீக் உருவானது. 2006 முதல் கே.பி. கூக்மின் வங்கி பெயர் கொடுத்து ஆதரிக்கிறது. அதனால்தான் செய்திகளில் 'கே.பி. பாடுக் லீக்' என்று பார்ப்பீர்கள். சீனாவின் அணி லீக் இதற்கும் முன்பே, 1999-இல் தொடங்கிவிட்டது. கொரியர்கள் அங்கே போய் ஆடிக்கொண்டிருந்த காலத்தில்தான் சொந்த லீக் வளர்ந்தது.

முதலில் வசந்த காலத்தில் தொடங்கி அந்த ஆண்டுக்குள் முடிப்பார்கள். 2019 முதல் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கி அடுத்த ஆண்டு முடிகிறது. '2020-21 பருவம்' என்று இரட்டை ஆண்டு எழுதுவது அதனால்தான்.

அணிகளின் பெயர்கள் ஏன் இவ்வளவு விசித்திரமாக இருக்கின்றன?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். சிங்கம், புலி, ராஜா என்று யாரும் பெயர் வைப்பதில்லை. பணம் போடுகிற நிறுவனத்தின் பெயர், அல்லது ஊரின் பெயர், அல்லது ஊரின் விளைபொருள்தான் அணியின் பெயர். 'கிக்ஸ்' என்பது ஒரு எண்ணெய் நிறுவனத்தின் பெட்ரோல் பிராண்டு. 'ஜோங்க்வான்ஜாங்' என்பது சிவப்பு ஜின்செங். 'ஹன்குக் முல்கா ஜோங்போ' என்றால் கொரிய விலை நிலவரத் தகவல். பொருட்களின் விலையைத் திரட்டி வெளியிடுகிற நிறுவனம் அது. 'யொங்ரிம் பிரைம்' கதவும் ஜன்னலும் செய்கிறது. 'உல்சான் கொரியா ஜிங்க்' துத்தநாகம் உருக்குகிறது.

ஊர் அணிகள் இன்னும் அழகு. 'சுர்யோஹன் ஹாப்சோன்' என்றால் எழில்மிகு ஹாப்சோன். ஹேயின்சா என்ற பழைய பௌத்த மடம் இருக்கும் மலை மாவட்டம் அது. அந்த மண்ணில் பிறந்த ஹா சான்சோக் என்ற பழைய ஜாம்பவானின் பெயரில் அங்கே ஒரு போட்டியும் நடக்கிறது. 'மஹானின் இதயம் யொங்காம்' என்ற அணியின் ஊரில் சோ ஹுன்ஹ்யோனுக்கு அருங்காட்சியகம் உண்டு. 1989-இல் முதல் இங் கோப்பை உலகப் போட்டியை வென்று, கொரிய பாடுக்கை உலகம் திரும்பிப் பார்க்க வைத்தவர் அவர்.

அப்புறம் உப்பு. தென்மேற்குக் கடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் கொண்ட மாவட்டம் ஷினான். அங்கே வெயிலில் காயவைத்து எடுக்கும் கடல் உப்பு கொரியா முழுக்கப் பிரபலம். அந்த உப்பின் பெயரில் ஒரு அணி இருந்தது: 'ஷினான் சோன்இல்யோம்'. அதன் கேப்டன் லீ சேடோல். ஷினான் மாவட்டத்தின் பிகும்டோ தீவில் 1983-இல் பிறந்தவர். அணியின் மேலாளராக இருந்தவர் அவருடைய அண்ணன் லீ சாங்ஹூன், அவரும் தொழில்முறை வீரர். தீவிலிருந்து சிறுவயதில் தலைநகரத்துக்குப் போன பையன், உலகப் பட்டங்களை வென்றபின் தன் ஊர் உப்புக்காகப் பலகை முன் உட்கார்ந்தார்.

அதற்கு ஒரு முன்கதையும் உண்டு. 2009-இல் லீ சேடோல் இந்த லீக்கில் ஆட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதற்காக அவர்மீது நடவடிக்கை வேண்டும் என்று வீரர்கள் சங்கம் வாக்களித்தது. மனம் கசந்து, அந்த ஜூன் கடைசியில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். 2010 ஜனவரியில் திரும்பி வந்து வரிசையாக வெற்றிகளைக் குவித்தார். அந்த ஆண்டு லீக் கோப்பை ஷினான் உப்பு அணிக்குப் போனது.

வீரர்களை ஏலத்தில் எடுப்பார்களா?

ஏலம் இல்லை, வரிசைத் தேர்வு. ஐ.பி.எல். பழகிய நமக்கு இது கொஞ்சம் புதிது. பருவத்துக்கு முன் மேலாளர்கள் ஓரிடத்தில் கூடி, முறைவைத்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுப்பார்கள். முதலில் எடுக்கப்படுபவர் 'ஜூஜாங்', அதாவது கேப்டன். அடுத்தவர் இரண்டாம் தேர்வு, பிறகு மூன்றாம், நான்காம், ஐந்தாம் தேர்வு. முந்தைய பருவத்து வீரர்களை விடாமல் வைத்துக்கொள்ளவும் வழி உண்டு.

இந்த எண் பருவம் முழுக்க வீரரின் நெற்றியில் எழுதியது போல் நிற்கும். செய்தியில் 'ஐந்தாம் தேர்வு கேப்டனை வீழ்த்தினார்' என்று வந்தால், அன்றைய தலைப்பே அதுதான். கொரியாவில் தொழில்முறை வீரர்கள் ஏறக்குறைய 400 பேர். எட்டு அணிக்கு ஐந்து பேர் என்றால் 40 நாற்காலிதான். பத்தில் ஒருவருக்குத்தான் இடம். வெளியே நின்று பார்க்கும்போது 'வெறும் ஐந்தாம் தேர்வு' என்று தோன்றலாம். அந்த இடத்துக்காக எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று யோசித்தால் அந்தச் சொல்லே வாயில் வராது. இவர்களுக்குக் கீழே மாற்று வீரர்களுக்கென்று 'ஃபியூச்சர்ஸ்' என்ற லீக்கும் நடந்து வந்திருக்கிறது. அங்கே நன்றாக ஆடுபவரை மேலே அழைப்பார்கள்.

ஒரு நாள் மோதல் எப்படி நடக்கும்?

நீண்ட காலம் இருந்த வடிவத்தைச் சொல்கிறேன். இரண்டு அணி, ஐந்து பலகை. மூன்று பலகையை யார் வெல்கிறார்களோ அந்த அணிக்கு வெற்றி. ஐந்தில் ஒன்றிரண்டு ஆட்டங்கள் 'ஜாங்கோ', நின்று நிதானித்து யோசிக்கும் நீண்ட ஆட்டங்கள். மற்றவை 'சொக்கி', வேக ஆட்டங்கள். எல்லாம் நேரலை ஒளிபரப்பு.

விதிகள் ஒரே மாதிரி நிற்பதில்லை. பலகைகளின் எண்ணிக்கை, நேரம், புள்ளிக் கணக்கு எல்லாவற்றையும் அடிக்கடி மாற்றுவார்கள். பழைய காணொளியில் பார்த்ததை வைத்து இந்தப் பருவ விதியை முடிவு செய்துவிடாதீர்கள்.

யார் யாரோடு மோதுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

யாரும் இல்லை. அதுதான் வேடிக்கை. சதுரங்க அணிப் போட்டிகளில் பெரும்பாலும் பலத்தின் வரிசைப்படி பலகை இருக்கும். முதல்வரோடு முதல்வர், நான்காமவரோடு நான்காமவர். இங்கே மேலாளர் எந்தப் பலகையில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தலாம். எதிரணியின் பட்டியலைப் பார்க்காமலே தன் பட்டியலைக் கொடுத்தாக வேண்டும். இதை அவர்கள் 'ஓடோ' என்பார்கள், ஆங்கில 'ஆர்டர்'தான்.

ஒரு மேலாளரின் மேசையில் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் கேப்டன் வலுவானவர். அவரை எதிரணிக் கேப்டனோடு மோதவிட்டால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஐந்தாமவரோடு மோதினால் வெற்றி கிட்டத்தட்டக் கையில். ஆனால் எதிரணி மேலாளரும் அதையேதான் யோசிக்கிறார். உங்கள் இரண்டாம் தேர்வுக்கு வேக ஆட்டம் கைவந்த கலை, ஆனால் எதிரணியின் ஒரு குறிப்பிட்ட வீரரிடம் தொடர்ந்து தோற்றிருக்கிறார். அந்த வீரர் எந்தப் பலகையில் வருவார்? போன வாரம் மூன்றாம் பலகை. இந்த வாரமும் அங்கேயா, இல்லை நீங்கள் அப்படி நினைப்பீர்கள் என்று தெரிந்து மாற்றியிருப்பாரா? பட்டியல்கள் வெளியான அந்த நிமிடத்திலேயே பாதி மோதல் முடிந்துவிட்டது போலிருக்கும்.

நேரக் கணக்கைக் கொஞ்சம் விளக்க முடியுமா?

ஐந்து பலகை காலத்தில் வேக ஆட்டத்துக்கு ஆளுக்கு 10 நிமிடம். அது தீர்ந்தபின் 40 நொடி, ஐந்து முறை. ஒரு நகர்வை 40 நொடிக்குள் வைத்துவிட்டால் அந்தத் தவணை அப்படியே இருக்கும், எத்தனை நகர்வுக்கும் பயன்படும். தாண்டினால் ஒரு தவணை போய்விடும். ஐந்தாவதும் போனால் தோல்வி. நீண்ட ஆட்டத்துக்கு ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரம், அதன் பிறகு ஒரு நிமிடத் தவணைகள்.

இந்தத் தவணை எண்ணுவதற்கு 'சோயில்கி' என்று பெயர். கொரிய ஒளிபரப்பில் உங்கள் காதில் தங்கப்போகும் ஒலி அதுதான். பலகையின் ஓரத்திலிருந்து அமைதியான, ஏற்ற இறக்கமில்லாத குரல் 'மாஜிமக்' என்னும். கடைசித் தவணை என்று பொருள். பிறகு 'ஹனா, துல், செட்' என்று கடைசிப் பத்து நொடியை எண்ணும். ஒன்பது என்பதற்கு 'அஹோப்'. அந்த 'அஹோப்' வரைக்கும் கையில் காயை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்து, அடுத்த எண் வருவதற்குள் பலகையில் டக்கென்று வைக்கும் வீரர்களைப் பார்க்கும்போது நம் கைதான் வேர்க்கும். வைத்த உடனேயே முகம் மாறினால் அது தப்பான நகர்வு என்று ஆட்டம் தெரியாதவருக்கும் புரியும்.

பிந்தைய பருவங்களில் ஃபிஷர் கடிகாரம் வந்திருக்கிறது. ஒவ்வொரு நகர்வுக்கும் சில நொடிகள் கூடும். சதுரங்கத்தில் இருந்து வந்த முறை என்பதால் நம்மவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். எனக்கு என்னவோ பழைய எண்ணல் முறைதான் பிடிக்கும். வீரரின் தவிப்பு அதில் முழுதாகக் கேட்கும்.

சக வீரர்கள் உதவி செய்யலாமா?

கூடாது. ஆடுகிறவருக்கு ஒரு சொல்கூடப் போகாது. ஆனால் அவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. 'கொம்தோசில்' என்று ஓர் ஆய்வு அறை உண்டு. ஆட்டம் முடித்தவர்கள், இன்னும் ஆடாதவர்கள், மேலாளர் எல்லாரும் அங்கே பலகை போட்டு, திரையில் ஓடும் ஆட்டத்தைக் காய் காயாக வைத்து அலசிக்கொண்டிருப்பார்கள். கேமரா அவ்வப்போது அங்கே திரும்பும். ஒருவர் ஒரு இடத்தைச் சுட்டுவார், இன்னொருவர் தலையை ஆட்டுவார். திரையில் தோழர் அந்த இடத்தைத் தவறவிட்டால் அறையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பின்னால் சாய்வார்கள்.

தனிநபர் போட்டிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இந்த அறையில்தான் இருக்கிறது. தனிநபர் போட்டியில் தோற்றவர் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இங்கே தோற்றவர் எழுந்து அந்த அறைக்கு வர வேண்டும். அவருடைய தோல்வி இன்னும் நான்கு பேருடைய தோல்வி. அதே போல, மூன்று மாதம் வெற்றி பார்க்காத ஒருவர் 2-2 நிலையில் கடைசிப் பலகையை வென்று அந்த அறைக்குள் நுழையும்போது, உலகப் பட்டம் வென்றவரே எழுந்து நின்று கை தட்டுவார். நான் இந்த லீக்கைப் பார்க்க ஆரம்பித்தது ஆட்டத்தின் ஆழம் புரிந்ததால் அல்ல. இந்த அறையின் கதவு திறக்கும் காட்சிக்காகத்தான்.

பருவத்தில் மொத்தம் எத்தனை ஆட்டம்? கோப்பை எப்படி முடிவாகிறது?

2020-21 பருவத்தை எடுத்துக்கொள்வோம். எட்டு அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற ஏழோடும் இரண்டு முறை மோதியது. ஆக 14 சுற்று, 56 மோதல், ஒவ்வொன்றிலும் ஐந்து பலகை, மொத்தம் 280 ஆட்டம்.

அதன் பிறகு ஏணிப்படி முறை. நான்காம் இடமும் ஐந்தாம் இடமும் மோதும். வென்றது மூன்றாம் இடத்தோடு, அதில் வென்றது இரண்டாம் இடத்தோடு. கடைசியில் மிஞ்சிய அணி, மேலே காத்திருக்கும் முதலிடத்தோடு மூன்று மோதல் கொண்ட இறுதிக்கு வரும். நம் 'குவாலிஃபையர்' போல முதலிடத்துக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை, ஆனால் நேராக இறுதிப் போட்டி. கீழிருந்து ஏறி வருகிற அணிக்கு ஒவ்வொரு படியிலும் களைப்பு கூடும். ஆனால் கையும் சூடாகிவிடும். காத்திருந்த அணியோ வாரக்கணக்கில் அணியாக ஆடாமல் இருந்துவிட்டு வந்திருக்கும்.

'நான்கா', 'சுதாம்' என்று இரண்டு லீக் பற்றிப் படித்தேன். அது என்ன?

அது 2022-23 பருவம். அந்த முறை 12 அணிகள். ஜப்பானிலிருந்து ஒரு அணி, தைவானிலிருந்து ஒரு அணி என்று அயல்நாட்டு அணிகளே வந்து சேர்ந்தன. பன்னிரண்டை இரண்டு பிரிவாகப் பிரித்து இந்தப் பெயர்களை வைத்தார்கள்.

'சுதாம்' என்றால் கைப்பேச்சு. வாய் திறக்காமல் காய்களால் உரையாடுவது. 'நான்கா' என்றால் மக்கிப்போன கோடரிக்காம்பு. வாங் ஜி என்ற விறகுவெட்டி மலையில் இருவர் ஆடுவதைப் பார்க்க நின்றான். ஆட்டம் முடிந்து திரும்பிப் பார்த்தால் அவன் கோடரியின் காம்பு மக்கிக் கிடக்கிறது. ஊருக்குப் போனால் அவன் காலத்து ஆட்கள் ஒருவரும் இல்லை. சீனாவில் பிறந்த கதை இது. கோ ஆடும் நாடுகள் எல்லாவற்றிலும் ஆட்டத்துக்கே இது மறுபெயராகிவிட்டது. 'ஏ பிரிவு, பி பிரிவு' என்று வைத்துவிட்டுப் போகாமல் இப்படிப் பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு ஆட்டத்தின் மேல் உண்மையான பிரியம் இருந்திருக்கிறது.

ஏஸ் ஆட்டம் என்றால் என்ன?

இதுவும் 2022-23-இல் கவனத்துக்கு வந்ததுதான். ஐந்து பலகைக்குப் பதில் நான்கு பலகை. 2-2 என்று சமமானால் இரு அணியும் ஒரே ஒருவரை அனுப்ப வேண்டும். அன்று ஏற்கெனவே ஆடியவரையே மறுபடி அனுப்பலாம். நேரம் மிகக் குறைவு. நான்கு பலகையிலேயே முடித்தால் வென்ற அணிக்கு 3 புள்ளி. ஏஸ் ஆட்டம் வரை இழுத்தால் வென்றவருக்கு 2, தோற்றவருக்கும் 1.

பார்ப்பதற்கு விறுவிறுப்புதான். உலகின் முதல் நிலை வீரர் ஷின் ஜின்சோ ஒரே இரவில் இரண்டு முறை வந்து இரண்டையும் வெல்வதைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது? ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. ஐந்து பலகை இருந்தபோது கடைசி முடிவு பல நாட்களில் நான்காம், ஐந்தாம் தேர்வின் கையில் வந்து விழும். ஏஸ் ஆட்டம் வந்ததும் அந்தப் பொறுப்பு மறுபடி கேப்டனிடமே போய்விடுகிறது. அணிப் போட்டியின் ருசி அங்கே கொஞ்சம் குறைகிறது என்பது என் கருத்து.

ஷின் ஜின்சோ இருக்கும் அணிதான் எப்போதும் வெல்லுமா?

இல்லை. 2000-இல் பிறந்த ஷின் ஜின்சோ 2020-இன் தொடக்கத்தில் இருந்து கொரியத் தரவரிசையில் முதலிடத்தை விடாமல் வைத்திருப்பவர். 2024 பிப்ரவரியில் முடிந்த நோங்ஷிம் கோப்பையில் தனியாளாக ஆறு ஆட்டங்களை வரிசையாக வென்று கொரியாவுக்குக் கோப்பையைக் கொண்டுவந்தார். தோற்றவர் வெளியேற, வென்றவர் தொடர்ந்து ஆடும் போட்டி அது. ஒரு மாவீரன் இருந்தால் போதும்.

லீக் அப்படி இல்லை. 2019-20 கோப்பை ஷின் மின்ஜுன் கேப்டனாக இருந்த ஹன்குக் முல்கா ஜோங்போவுக்கு. 2020-21-இல் ஷின் ஜின்சோவின் செல்ட்ரியான். 2021-22-இல் பார்க் ஜங்ஹ்வானின் ஹாப்சோன். 2023-24-இல் மறுபடி ஷின் மின்ஜுன், இந்த முறை உல்சான் கொரியா ஜிங்க். 2024-25-இல் காங் தோங்யுன் கேப்டனாக இருந்த யொங்ரிம் பிரைம். காங் தோங்யுன் 1989-இல் பிறந்தவர். இருபது வயதுக்காரர்கள் ஆட்சி செய்யும் இந்த ஆட்டத்தில், முப்பத்தைந்தை ஒட்டிய ஒருவர் அணியைக் கோப்பை வரை நடத்திப் போனார்.

ஒரே அணி தொடர்ந்து ஆண்டதும் உண்டு. பார்க் ஜங்ஹ்வான் கேப்டனாக இருந்த டிபிராட் 2014, 2015, 2016 என மூன்று முறை அடுத்தடுத்து வென்றது. ஐந்து பலகைக் கணக்கு எளிது: கேப்டன் எல்லா ஆட்டமும் வென்றாலும் மோதலுக்கு அது ஒரு வெற்றிதான். மீதி இரண்டை யார் கொண்டுவருவது என்பதில்தான் பருவம் தீர்மானமாகிறது.

வெளிநாட்டு வீரர்கள் ஆடலாமா? சீனாவோடு ஏதோ பிரச்சினை என்று கேள்விப்பட்டேனே?

2023-24-இல் அணிகள் விரும்பினால் வெளிநாட்டு வீரர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று வழி திறந்தார்கள். சீனாவின் கு சிஹாவ் போன்ற முன்னணி வீரர்கள் வந்தார்கள்.

பிரச்சினை லீக்கில் வந்தது அல்ல. 2025 ஜனவரியில் எல்.ஜி. கோப்பை இறுதியில் வந்தது. கொரியாவின் பியோன் சாங்கிலும் சீனாவின் கே ஜியேவும் மோதினார்கள். எதிராளியிடமிருந்து பிடித்த காய்களைக் கிண்ணத்தின் மூடியில் வைக்க வேண்டும் என்பது கொரிய விதி. இரண்டாம் ஆட்டத்தில் கே ஜியே அதை இரண்டு முறை மீறியதாகத் தோல்வி அறிவிக்கப்பட்டது. மூன்றாம் ஆட்டத்திலும் அதே காரணத்துக்கு இரண்டு புள்ளி தண்டனை. அவர் எதிர்ப்புத் தெரிவித்து வெளியேறினார், பட்டம் பியோன் சாங்கிலுக்குப் போனது.

மூடி என்ன அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்கலாம். கொரிய முறையில் பிடித்த காய் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. மூடியில் எத்தனை காய் இருக்கிறது என்று எதிராளி பார்த்து எண்ணித்தான் தன் நிலையைக் கணக்கிடுவார். மேசையில் எங்கோ கிடந்தால் கணக்குத் தவறும். சீன முறையில் கடைசியில் பலகையில் இருப்பதை மட்டும் எண்ணுவார்கள், பிடித்த காய்க்கு மதிப்பில்லை. அங்கே பழகிய கைக்கு மூடி என்பது நினைவிலேயே இருக்காது. விதிக்கு நியாயமான காரணம் இருந்தது உண்மை. ஒரு உலக இறுதியை அப்படி முடித்தது சரியில்லை என்பதும் உண்மை என்றே நினைக்கிறேன். கொரியச் சங்கமும் பிறகு எச்சரிக்கைகள் சேர்ந்தால் தோல்வி என்ற விதியைக் கைவிட்டது. அதற்குள் சீன லீக் அந்த ஆண்டு வெளிநாட்டு வீரர்களை அழைப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் அங்கே போய் ஆடி வருமானம் பார்த்துவந்த கொரிய வீரர்கள்.

பரிசுத் தொகை எவ்வளவு?

கோப்பை வெல்லும் அணிக்குப் பல ஆண்டுகள் 20 கோடி வோன் (கொரியப் பணம்) கொடுத்தார்கள். 2022-23-இல் 25 கோடி ஆக்கினார்கள். இரண்டாம் இடத்துக்கு 10 கோடி. இதைத் தவிர ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வீரருக்குத் தனி ஊதியம் உண்டு. வென்றவருக்குக் கிடைப்பது தோற்றவருக்குக் கிடைப்பதைப் போல் பல மடங்கு. தரவரிசையில் நடுவில் இருக்கும் வீரருக்கு உலகக் கோப்பைப் பணம் எட்டாக்கனி. அவர் குடும்பத்துக்கு மாதாமாதம் நம்பிக்கையாக வருவது லீக் பணம்தான்.

பெண்கள் ஆடுவதில்லையா?

பெண்களுக்கான தனி லீக் 2015-இல் தொடங்கியது, மோதலுக்கு மூன்று பலகை. முதல் பருவத்தை இன்ஜே ஹனுல்நேரின் அணி வென்றது. அங்கே ஊர்ப் பெயர்கள் இன்னும் கொழிக்கும்: புவான் கோம்சோ உப்பு, சேறுத் திருவிழாவுக்குப் பேர்போன போர்யோங்கின் 'போர்யோங் மட்'. அந்த லீக்கின் பெரிய பெயர் சோய் ஜோங். 2022-இல் சாம்சங் கோப்பை இறுதிக்கு வந்தவர். ஆண்களும் ஆடும் உலகப் பட்டப் போட்டியில் இறுதிக்கு வந்த முதல் பெண். இறுதியில் ஷின் ஜின்சோவிடம் தோற்றார்.

கணினி வந்தபின் இதையெல்லாம் பார்ப்பதில் அர்த்தம் உண்டா?

2016 மார்ச்சில் சியோலில் ஆல்ஃபாகோ என்ற கணினி நிரலிடம் லீ சேடோல் 4-1 என்று தோற்றது எல்லாருக்கும் தெரியும். அதன்பின் ஒளிபரப்பில் திரை ஓரத்தில் இரு பக்கமும் வெற்றி வாய்ப்பு சதவீதம் ஓடுகிறது. கணினி சிறந்தது என்று சொல்லும் இடத்தில் ஒரு நீலப் புள்ளி தெரியும். வர்ணனையாளர்கள் 'புளூ ஸ்பாட்' என்றே சொல்கிறார்கள். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு இது வரப்பிரசாதம். யார் முன்னிலை என்று புரியாமல் விழிக்க வேண்டியதில்லை. 90 சதவீதத்தில் இருந்த கோடு ஒரே நகர்வில் 15-க்கு விழும்போது, நமக்குத் தெரிந்த அது பலகை முன் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. 'அஹோப்' என்று குரல் எண்ணிக்கொண்டிருக்கிறது.

இங்கிருந்து எப்படிப் பார்ப்பது?

பாடுக் டிவி யூடியூபில் இருக்கிறது. கொரியா நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னே. அங்கே மாலை 7 மணி என்றால் நமக்குப் பிற்பகல் 3.30. வர்ணனை கொரிய மொழியில்தான். எண்களையும் 'பெக்' என்றால் வெள்ளை, 'ஹுக்' என்றால் கறுப்பு என்பதையும் பிடித்துக்கொண்டால் முதல் வாரத்துக்குப் போதும்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கேப்டன்களின் ஆட்டத்தைத் தேடிப் போகாதீர்கள். ஓர் அணியைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதன் நான்காம் தேர்வோ ஐந்தாம் தேர்வோ யாரென்று பாருங்கள். அவருடைய ஆட்டங்களை மட்டும் பருவம் முழுக்கத் தொடருங்கள். ஆட்டம் முடிந்ததும் காணொளியை மூடிவிடாதீர்கள். வென்றவரும் தோற்றவரும் அதே நாற்காலியில் இருந்தபடி, காய்களை எடுத்து மறுபடி முதலிலிருந்து வைத்துப் பார்ப்பார்கள். 'போக்கி' என்று அதற்குப் பெயர். தோற்றவர் ஒரு காயைக் காட்டி மெல்லக் கேட்பார், வென்றவர் வேறொரு இடத்தில் வைத்துக் காட்டுவார். இருவர் குரலும் ஒலிவாங்கியில் பாதிதான் கேட்கும்.